ஜாயின்ட் ஒருபக்கமாக ஓடாமல் சீராக எரிய: புதிதாகச் சுருட்டுபவர்களுக்கு

ஜாயின்ட்டை, அதாவது கஞ்சாவைப் பேப்பரில் சுருட்டிய சிகரெட்டை, பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் ஒருபக்கம் மட்டும் விறுவிறுவென்று எரிந்து கீழே ஓடிவிடும். மறுபக்கப் பேப்பர் கருகாமல் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். காசு கொடுத்து வாங்கிய கஞ்சாப் பூ புகையாமலே உதிர்ந்து போகும், இழுக்கும் புகையும் சூடாகத் தொண்டையில் அடிக்கும். புதிதாகச் சுருட்டும் எல்லோருக்கும் இது நடக்கிறது. பெரும்பாலானவர்கள் லைட்டரைக் குறை சொல்கிறார்கள், ஆனால் காரணம் பெரும்பாலும் சுருட்டும்போதே உள்ளே போய்விடுகிறது.

முதலில் சட்டம். இதை நான் எழுதுவது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருப்பவர்களுக்காக. இங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த பூ வரை கையில் வைத்திருக்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி இது குற்றம், இலங்கையிலும் அப்படித்தான். ஊருக்குப் போகும்போது பையில் துளிகூட இருக்கக் கூடாது. எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாவின் சட்டப்படியே குற்றம், பக்கத்து அமெரிக்க மாநிலத்தில் அது அனுமதிக்கப்பட்டிருந்தாலும் சரி.

ஏன் ஒருபக்கமாக ஓடுகிறது

நீங்கள் இழுக்கும்போது காற்று எந்த வழி சுலபமோ அந்த வழியாக உள்ளே வருகிறது. காற்று அதிகம் போகும் இடத்தில் கங்கு வேகமாக முன்னேறுகிறது. உள்ளே ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் தளர்ந்த பக்கம் முந்திக்கொள்ளும். ஈரமும் இப்படித்தான் வேலை செய்கிறது: ஈரமான இடத்தில் நெருப்பு முதலில் நீரை ஆவியாக்க வேண்டும், அதனால் அது பின்தங்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பேப்பர் ஒன்றன்மேல் ஒன்று படியும் பசைக்கோட்டில் இரண்டு அடுக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் எரியும்.

பூவைத் தயார் செய்தல்

மொட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். விட்டதும் கொஞ்சம் எழும்பி வந்தால், காம்பு வளையாமல் சின்னச் சத்தத்தோடு ஒடிந்தால், பதம் சரி. விரலிலேயே பொடியானால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது, வேகமாகவும் கரகரப்பாகவும் எரியும். கடையில் வாங்கும் டப்பாவில் பேக் செய்த தேதி இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். காய்ந்துபோனதை மீட்க, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் 58 அல்லது 62 சதவீத ஈரப்பதம் காக்கும் சிறு பாக்கெட் ஒன்றைப் போட்டு ஓரிரு நாள் வையுங்கள். ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள், வேண்டாம். பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைப் புகைக்கவே கூடாது.

கையால் திருகும் சிறு கிரைண்டரில் நாலைந்து சுற்று போதும். மாவாக அரைத்தால் உள்ளே இறுகிக் காற்று போகாது, கையால் பெரிது பெரிதாகப் பிய்த்தால் இடையில் வெற்றிடம் விழும். அரைத்ததைத் தட்டில் கொட்டிக் காம்புகளைப் பொறுக்கி எடுங்கள். ஒரு சிறு காம்புத்துண்டு போதும், பேப்பரைக் குத்தி ஓட்டை போடும், பக்கத்தில் குழாய் மாதிரி ஒரு வழியும் திறந்துவிடும். இந்தப் பொறுக்கும் வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

புகையிலை கலந்தால் சீராக எரியும் என்று யாராவது சொல்வார்கள். எரியும்தான், ஆனால் கூடவே நிக்கோடின் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். தேவையே இல்லை.

பேப்பரும் டிப்பும்

ஒன்றேகால் அளவு என்று விற்கும் பேப்பரில் தொடங்குங்கள். அரை கிராம் பூவுக்கு அது தாராளம். அரிசிப் பேப்பர் மெல்லியது, கையில் வழுக்கும். ஹெம்ப் எனப்படும் கஞ்சா நார்ப் பேப்பரில் விரலுக்குப் பிடி கிடைக்கும், அதனால் ஆரம்பத்தில் அதுவே நல்லது. கெட்டி அட்டைத் துண்டை ஒரு முனையில் இரண்டு மூன்று மடிப்பு விசிறி போல மடித்து, மீதியை அதைச் சுற்றிச் சுருட்டினால் வாயில் வைக்கும் முனைக்கான டிப் தயார். டிப் இல்லாவிட்டால் வாய்ப்பக்கம் நசுங்கிக் காற்று கோணலாக வரும்.

சுருட்டுதல்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பசைக்கோடு மேலே உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். டிப்பை ஒரு ஓரத்தில் வைத்து, பூவை நீளவாட்டில் ஒரே கனத்தில் பரப்புங்கள். நுனி அகன்ற கூம்பு வடிவம் பார்க்க அழகுதான். ஆனால் பழகும்வரை நேரான வடிவமே சீராக எரியும்.

உடனே மடிக்காதீர்கள். இரண்டு கட்டைவிரலும் முன்னால், ஆள்காட்டி விரல்கள் பின்னால் வைத்துப் பேப்பரை மேலும் கீழுமாக உருட்டுங்கள். பூ நகர்ந்து நகர்ந்து தானாக ஓர் உருளையாகத் திரளும். கட்டைவிரலை இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே கட்டி இருக்கிறது, எங்கே விரல் இறங்குகிறதோ அங்கே பள்ளம். கட்டியைத் தட்டிப் பள்ளத்துக்குத் தள்ளுங்கள். உருளை முழுக்க ஒரே மாதிரி தோன்றிய பிறகுதான் பேப்பரின் அடிவிளிம்பை டிப் பக்கத்திலிருந்து உள்ளே சொருகி மேலே உருட்ட வேண்டும். பசைக்கு நாக்கின் ஈரம் மெலிதாகப் போதும். சொதசொதவென்று நனைத்தால் அந்தக் கோடு காயும்வரை அந்தப் பக்கம் எரியாது. ஒட்டியதும் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள்.

அப்புறம் டிப் பக்கத்தை மேசையில் நாலு தட்டு தட்டி, திறந்த முனையை மெல்லிய குச்சியால் லேசாக அமுக்கி, மிஞ்சிய பேப்பரைத் திருகி விடுங்கள். பற்றவைக்கும் முன் திருகலைக் கொஞ்சம் தளர்த்தி ஒருமுறை வெறுமனே இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ரா போட்டு மோர் உறிஞ்சுவதுபோல் லேசான தடையோடு காற்று வர வேண்டும். தடையே இல்லாவிட்டால் தளர்வு, இன்னும் கொஞ்சம் அமுக்குங்கள். கன்னம் ஒட்டும் அளவு இழுக்க வேண்டியிருந்தால் அதிக இறுக்கம். நடுவில் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால் கொஞ்சம் இளகும், இளகாவிட்டால் பிரித்துத் திரும்பச் சுருட்டுவதே மேல்.

பற்றவைத்தல்

வாயில் வைத்து இழுத்துக்கொண்டே லைட்டரைக் காட்டுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் சுவாலை எந்தப் பக்கம் பட்டதோ அந்தப் பக்கம் மட்டும் உள்ளே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கையில் பிடித்து, திருகலை முதலில் எரித்துவிட்டு, சுவாலையின் நுனி மட்டும் படும்படி காட்டி ஜாயின்ட்டை மெதுவாகச் சுற்றுங்கள். இழுக்க வேண்டாம். பசைக்கோட்டுப் பக்கத்துக்கு ஒரு கணம் கூடுதலாகச் சூடு கொடுங்கள். பிறகு நுனியை உங்கள் பக்கம் திருப்பி மெல்ல ஊதிப் பாருங்கள். செம்மஞ்சள் வளையம் முழுவட்டமாகத் தெரிய வேண்டும். எங்கேயாவது கறுப்பாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சுவாலை. வட்டம் முழுமையான பிறகே வாயில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பு சின்னதாக, மெதுவாக இருக்கட்டும்.

காற்று அடிக்கும் இடத்தில் எவ்வளவு நன்றாகச் சுருட்டினாலும் ஒருபக்கம் ஓடும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் 20 மீட்டருக்குள் புகைக்க ஒன்டாரியோவில் தடை. அடுக்குமாடியில் இருந்தால் பால்கனியில் அனுமதி உண்டா என்று கட்டட விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் கோணினால்

வேகமாக ஓடும் பக்கத்தில், கங்குக்குச் சற்று முன்னால் இருக்கும் பேப்பரில், ஈர விரலால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடியுங்கள். சூடான காற்று மேலே ஏற, புதுக் காற்று கீழிருந்து வருவதால் கீழிருக்கும் பக்கம் மெல்ல எட்டிப்பிடிக்கும். அவசரம் என்றால் பின்தங்கிய பக்கத்துக்கு மட்டும் லைட்டரைக் காட்டலாம். வலுவாக இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பதுதான் பலரும் செய்வது, அது கோணலை இன்னும் கூட்டும். சாம்பலை அடிக்கடி தட்டாமல், சேர்ந்ததும் தட்டின் விளிம்பில் உருட்டி உதிருங்கள்.

பேப்பர் நன்றாக இருந்து நடுவில் மட்டும் குகை மாதிரி எரிந்திருந்தால் உள்ளே காம்பு அல்லது வெற்றிடம் இருக்கிறது. அணைத்து, குகை முடியும் இடம் வரை கத்தரித்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள். கஞ்சா எண்ணெய்ச்சாறு சேர்த்து விற்கும் ரெடிமேட் ஜாயின்ட்களில் இது அடிக்கடி நடக்கும். அவை வீரியமும் மிக அதிகம், புதியவர்களுக்கு ஏற்றவையல்ல.

முழுதும் முடிக்க வேண்டியதில்லை

டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். 20 சதவீத டிஎச்சி உள்ள பூவில் அரை கிராம் என்றால் அதில் 100 மில்லிகிராம் டிஎச்சி இருக்கிறது. எரிவதில் நிறையப் போய்விடும் என்றாலும் முதல்முறைக்காரருக்கு அது மிக அதிகம். ஓரிரு இழுப்போடு நிறுத்திக் கால் மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். புகையை நெஞ்சில் அடக்கி வைப்பதால் நுரையீரலில் தார்தான் கூடுதலாகப் படியும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். புகைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே கனடாவில் குற்றம், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஓட்டுநர்களுக்கு ஒன்டாரியோவில் கொஞ்சமும் இருக்கக் கூடாது.

மிச்சத்தை அணைக்கும்போது நசுக்கினால் உள்ளே இருக்கும் அடுக்கு கலைந்து, அடுத்த முறை நிச்சயம் ஒருபக்கம் ஓடும். கங்கை மட்டும் தட்டில் மெல்ல உருட்டிக் கழற்றுங்கள். ஆறியதும் கருகிய நுனியை நேராகக் கத்தரித்து, கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.