காரின் பாடி வகையை அடையாளம் காணும் முறை

காரை முகப்பில் பார்த்து அதன் வகையைச் சொல்ல முயல்வதே பலரும் செய்யும் பிழையாகும். ஒரே சாயலுள்ள விளக்குகளையும் கிரில்லையும் ஒரு நிறுவனம் தன் பல கார்களுக்கும் வைத்துவிடுகிறது. புதுச்சேரியில் ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போது நடைபாதையில் நின்று, கார்களைப் பக்கவாட்டில், பின்பகுதியிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே பழகுவதற்கு நல்ல வழி.

பின் கண்ணாடிக்குக் கீழே டிக்கி தனிப் பெட்டியாக நீண்டு, அதன் மூடியைத் தூக்கும்போது கண்ணாடி அசையாமல் இருந்தால் அது செடான். கண்ணாடியும் சேர்ந்து ஒரே கதவாக மேலெழுந்தால் அது ஹேட்ச்பேக்காக இருக்கக்கூடும். ஸ்கோடாவின் ஆக்டேவியா கார் இதற்கு விலக்கு. உருவம் செடானாக இருந்தாலும் அதில் கண்ணாடியும் சேர்ந்தே எழும். உண்மையான குழப்பம் டிசையர் போன்ற கார்களில்தான் வருகிறது. 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. 2008இல் 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு வந்த டிசையர், அந்தச் சலுகையைப் பெறுவதற்காக 2012இல் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வெட்டு விழுந்தது டிக்கியில் என்பதால் தூரத்தில் ஹேட்ச்பேக் போலவே தோன்றும். மூடி எங்கே பிளக்கிறது என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்து, கூரையைத் தாங்கும் தூண்களை முன்னிருந்து எண்ண வேண்டும். பின்கதவுக்குப் பிறகு ஒரு முழு ஜன்னலும் அதன் பின்னே நான்காவது தூணும் இருந்து, கூரை கடைசிவரை தாழாமல் சென்றால், எர்டிகா, இன்னோவா போன்ற மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட எம்யூவியாக (பலர் பயணிக்கும் பெரிய கார்) இருக்கக்கூடும். செடானின் கூரையைப் பின்வரை நீட்டியது போன்ற ஸ்டேஷன் வேகனுக்கும் நான்கு தூண்கள் உண்டு; ஆனால் அது செடான் அளவுக்கே தாழ்ந்திருக்கும். டாடாவின் இண்டிகோ மெரினா அப்படிப்பட்டது.

எஸ்யூவியை உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். பொலேரோ, தார், ஸ்கார்ப்பியோ ஆகியவற்றில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் ஓடும். சேஸிஸ் எனப்படும் அந்தச் சட்டத்தின் மேல் பாடி தனியாக அமர்ந்திருக்கும்; இவையே எஸ்யூவி. கிரெட்டா, நெக்ஸான் போன்றவற்றில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை, பாடியே சுமையைத் தாங்குகிறது. இவற்றைக் கிராஸ்ஓவர் என்பதே பொருத்தம். பெயரும் உதவாது: இன்னோவா கிரிஸ்டாவுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, ஹைகிராஸுக்கு இல்லை.

புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய கார் வாங்குவோர், வகையை அறியக் குனியும் அதே நேரத்தில், உப்புக்காற்றால் அந்தச் சட்டங்களிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும்.