ஐம்பதில் எடுக்கலாம், எடுக்கத்தான் வேணுமோ?

2020 தை மாதம் எனக்கு ஐம்பது வயது. அந்தக் கிழமையே கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், “பிள்ளை, ஈ.பி.எஃப் காசு எடுத்தாச்சோ?” ஈ.பி.எஃப் என்றால் ஊழியர் சேமலாப நிதி, சம்பளத்தோடு சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு. இலங்கையில் அதை எடுக்கும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்பது இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். என் தங்கச்சி இன்னும் முந்திவிட்டாள். கலியாணத்தைக் காட்டி வேலையை விட்டு, இருந்ததை எல்லாம் எடுத்தாள். தாலிக்கொடிக்கு இரண்டு பவுண் கூடப் போட்டதோடு அந்தக் காசின் கதை முடிந்தது.

நான் யாழ் நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் 1997இலிருந்து கணக்கு எழுதினேன். 2025இல்தான் விட்டேன். இந்த அலுவலை இப்போதுதான் முடித்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வயதுகளைப் பிரித்துப் பாருங்கள். காசு எடுக்கலாம் என்ற வயது ஒன்று, வேலையை விட்டு நிற்கும் வயது இன்னொன்று. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் இடங்களில் ஓய்வு வயது 60. (சட்டம் வந்த நேரம் 52ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு வயதைப் பொறுத்து 57, 58, 59 என்று படி வைத்தார்கள்.) எங்கள் நியமனக் கடிதத்தில் 55 என்றுதான் இருந்தது. முதலாளி அதைக் காட்டி “அக்கா, வாற வருசம் உங்களுக்கு 55 எல்லோ” என்று மெல்லக் கதை விட்டார். சட்டத்தைச் சொன்னேன், பிறகு அந்தப் பேச்சு இல்லை. கடைசியில் முழங்கால்தான் என்னை நிற்பாட்டியது. ஆனால் நானாக நின்றதும் அவர்கள் நிற்பாட்டுவதும் ஒன்றல்ல.

எடுப்பது எப்போது என்று யோசிக்கத் தொடங்க முன்னம் கடதாசிகளைப் பாருங்கள். 50 ஆனதும் நான் செய்த ஒரேயொரு புத்தியான வேலை, மத்திய வங்கியிலிருந்து வரும் ஈ.பி.எஃப் கணக்குக் கூற்றை எடுத்து, வருசம் வருசமாகச் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டது. என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், மொத்தம் 20. 2003இலிருந்து 2006 வரை ஒரு சதமும் இல்லை! முதலாளி கட்டாமல் விட்டார் என்றுதான் நினைத்தேன். கட்டியிருக்கிறார், ஆனால் வேறு அடையாள அட்டை இலக்கத்துக்கு. பெண்களின் அடையாள அட்டையில், பிறந்தது வருசத்தின் எத்தனையாவது நாளோ அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். நான் பிறந்தது தை 20, ஆகவே அட்டையில் 70க்குப் பிறகு 520. அப்போதிருந்த கிளாக்கர் பெடியனுக்கு அது பிழையாகத் தெரிந்திருக்கிறது. “வருசத்துக்கு 366 நாள்தானே” என்று 020 ஆக்கிவிட்டான். அவனுடைய கெட்டித்தனத்துக்கு நான் ஏழு மாதம் அலைந்தேன். முதலாளியின் கடிதம், அந்த வருசங்களின் சம்பளப் பதிவுகள், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, தொழில் திணைக்களத்துக்கு நாலு தரம். கடை இன்னும் நடந்தபடியால் ஆயிற்று. கடை பூட்டி, முதலாளி வெளிநாடு போயிருந்தால் யாரிடம் கடிதம் வாங்குவது? பெயரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின் கணவரின் பெயர், ஆங்கிலத்தில் ஒருவர் ‘த’வை ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதியிருப்பார். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் அதன் பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். 60இல் தொடங்க வேண்டிய வேலை இல்லை இது.

வேலையை விட்டதும் கைக்கு வரக்கூடியவை மூன்று. பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருசம் வேலை செய்தால், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். நாமாக விலகினாலும் உண்டு. எனக்குக் கடைசிச் சம்பளம் 60,000, 28 வருசம், ஆக 8,40,000. விட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள், முதலாளிக்கும் தெரியும்படி. அடுத்தது ஈ.டி.எஃப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, முதலாளி கட்டும் 3 வீதம். இதற்கு வயது பார்ப்பதில்லை, ஆனால் வேலையை விட்டு எடுப்பது ஐந்து வருசத்துக்கு ஒருமுறைதான். பெரிய தொகை ஈ.பி.எஃப். அதை ஒன்றாக எடுக்கிறோம், மாதாமாதம் வராது. இங்குதான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

நான் பணிக்கொடையையும் ஈ.டி.எஃபையும் எடுத்துவிட்டு, ஈ.பி.எஃபை ஒரு வருசம் தொடாமல் விட்டேன். அங்கே கிடந்தாலும் வட்டி ஏறும். 2022க்கு 9 வீதம் தந்தார்கள். அந்த வருசம் புரட்டாதியில் விலைவாசி 70 வீதத்தைத் தொட்டது, ஆகவே காசு கூடியும் குறைந்துதான் போனது. 2023க்கு 13. எடுத்து நிலையான வைப்பில் போட்டால் என்ன வரும் என்று கணக்குப் பார்த்தேன். 20 இலட்சம், 8 வீதம் என்றால் மாதம் 13,333. அதில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதை நிற்பாட்டலாம். இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் வீட்டுக்குள் இருந்தது. காசு கணக்குக்கு வந்த செய்தி படலையைத் தாண்ட ஒரு நாள் போதும். மகனுக்கு வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக் கதை, மைத்துனருக்கு இணுவிலில் ஒரு பரப்புக் காணி மலிவாம். “இன்னும் எடுக்கேல்லை” என்று உண்மையைச் சொல்லவே ஒரு வருசம் விட்டேன். எந்த வங்கி, எந்தத் திகதி, எத்தனை துண்டாக என்று எழுதி வைத்த பிறகுதான் விண்ணப்பம் நிரப்பினேன்.

என் கணவர் அரசாங்க வாத்தியார். 55இல் விரும்பினால் போகலாம், 60இல் போகத்தான் வேண்டும். நடுவில் 65 ஆக்கி, 2022 கடைசியோடு திரும்பவும் 60 ஆக்கினார்கள். பென்சன் கடைசிச் சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் பார்ப்பதால் இவருக்கு 60 வரை இருப்பதே சரியாகப் பட்டது. நோய் இருப்பவருக்குக் கணக்கு வேறு. வருசத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று பிரதேச செயலகத்துக்கு அத்தாட்சி கொடுக்க மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணைக்கும் 60 ஆகிவிட்டது. “தங்கச்சி, சிபிபியை இப்ப எடுக்கட்டோ, 65இல் எடுக்கட்டோ?” என்று கேட்டார். சிபிபி என்றால் கனடாவின் ஓய்வூதியத் திட்டம், மாதாமாதம் வருவது. அங்கே பொறுத்தால் காசு கூடுகிறது, எங்களுக்கு அந்த வசதியில்லை. 65இல் 1,000 டொலர் என்றால், 60இல் 640, 70இல் 1,420. கடைப் பழக்கத்தில் கொப்பியில் போட்டேன். ஐந்து வருசம் முந்தி எடுக்கும் 38,400 டொலரை, மாதம் 360 வீதம் கூட எடுத்து ஈடுசெய்ய ஒன்பது வருசம் கிட்டப் பிடிக்கும். 74 வயதுவரை இருப்பேன் என்று நம்பினால் பொறுக்கலாம். அப்பா 91 வரை இருந்தவர், ஆகவே பொறுக்கச் சொன்னேன். ஊருக்கு வந்து இருக்க ஆசைப்படுகிறவர், அதனால் மற்ற முதியோர் கொடுப்பனவையும் பார்க்கச் சொன்னேன். கனடாவில் 18 வயதுக்குப் பின் 20 வருசம் இருந்தவர்களுக்குத்தான் அது வெளிநாட்டிலும் தொடரும். அண்ணை போனது 1998, தப்பினார்.

ஈ.பி.எஃப் விண்ணப்பம் கொடுத்த அன்று பழைய பதிவில் பின்னுரித்தாளர், அதாவது எனக்குப் பின் காசு பெறுபவர், பெயரைப் பார்த்தேன். அம்மா. அவ போய்ப் பதினாலு வருசம். உங்களுடையதிலும் யாருடைய பெயர் கிடக்கிறது என்று பாருங்கள்.