ஊர்ச் சபையில் ஞாயிறு பள்ளியை வளர்ப்பது எப்படி? டெல்டா பக்கத்துப் புது ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிற ஞாயிறு பள்ளியை ஐயரோ (சபைப் போதகர்) கமிட்டியோ உங்கள் கையில் ஒப்படைத்து, "இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே, வயல் சூழ்ந்த ஊர் ஒன்றில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சபையில் பலன் கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆரம்ப ஜெபம், பாட்டு, காணிக்கை பற்றி எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பேனர், போட்டி, பரிசு எதையும் யோசிக்கும் முன் இதைச் செய்யுங்கள். நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். பெயர்களை வகுப்பு வாரியாக எழுதாதீர்கள், தெரு வாரியாக எழுதுங்கள். மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம், வாய்க்கால் கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஒரு தெருவிலிருந்து நாலு பேர் சேர்ந்தாற்போல் வராமல் போனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பெயருக்கு நேரே அம்மா பெயர், போன் நம்பர், படிக்கிற வகுப்பு, பிறந்தநாள். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும், அதைப் பற்றி மூன்றாம் படியில் வருகிறேன்.

போனில் வருகைப் பதிவு போட இப்போது நிறைய ஆப் இருக்கிறது. எனக்கு நோட்டுதான் பிடிக்கும். நோட்டு மேசையில் இருந்தால் எந்த ஆசிரியரும் எடுத்துப் பார்க்கலாம். போனில் இருந்தால் ஒருவர் மட்டும்தான் பார்ப்பார்.

தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராத பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த புதன்கிழமைக்குள் ஒருவர் போய் வர வேண்டும். போனதும் "ஏன் அனுப்பல?" என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். "பாப்பாவ ரெண்டு வாரமாக் காணோம், பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றால் போதும். காய்ச்சல், பாட்டி வீடு, தைக்கக் கொடுத்த சட்டை வரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை என்று காரணம் தானாக வரும். அதைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளி வளர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 2: நேரத்தை அம்மாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்

எங்கள் ஊரில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு நடத்துகிறோம். சில சபைகளில் பிரசங்க நேரத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் நடத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் ஆராதனையில் உட்காரப் பழகுவதில்லை, ஆசிரியர்களும் வருஷம் முழுக்கப் பிரசங்கம் கேட்காமல் போகிறார்கள். கடற்கரை ஊர்களில் காலையில் படகு வந்து மீன் இறங்கும் நேரம் என்றால் மாலை நாலு மணி பொருந்தலாம். எதுவானாலும் ஒரு முறை முடிவு செய்த நேரத்தை மாற்றாதீர்கள்.

டெல்டாவில் இன்னொரு கணக்கும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். தண்ணீர் நம் பக்கம் வந்து வேலை தொடங்கிவிட்டால் நடவு நாட்களிலும், பொங்கலை ஒட்டிய சம்பா அறுவடை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது. அம்மா வயலுக்குப் போனால் எட்டாவது படிக்கிற அக்காதான் குட்டித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வராததற்கு ஆர்வக்குறைவு காரணம் இல்லை. "தம்பியையும் தூக்கிட்டு வா" என்று சொல்லி, ஓரமாக ஒரு கோரைப்பாய் விரித்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வயதான அம்மா ஒருவரை உட்கார வையுங்கள். பெரிய பெண்பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வர வேண்டும். மதகுப் பக்கம் சிறு பிள்ளைகள் தனியாக வரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவர்களைக் கோயிலுக்கு வரச் சொல்லாமல், அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் வகுப்பை வையுங்கள். மழைக்காலத்துக்கென்று தொடங்கும் திண்ணை வகுப்பு பிறகு நிரந்தரக் கிளை வகுப்பாகவும் ஆகலாம்.

படி 3: யாருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று பாருங்கள்

எங்களை நீண்ட நாள் திணற வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பையன்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். டியூஷன், கிரிக்கெட் என்று வீட்டில் காரணம் சொன்னார்கள். நோட்டை வைத்துப் பார்த்தபோது, நின்றவர்களில் பெரும்பாலோர் வேனில் டவுனுக்குப் போய் ஆங்கில வழியில் படிக்கிறவர்கள். வகுப்பில் என்ன நடந்தது என்றால், "ஆளுக்கொரு வசனம் வாசிங்க" என்று வரிசையாக வாசிக்க வைப்போம். தன் முறை வரும்போது எழுத்துக்கூட்டித் திணறுகிற பையன், தன்னைவிடச் சின்னப் பெண் கடகடவென்று வாசிப்பதைப் பார்த்துக் கூனிக் குறுகிப்போகிறான். அடுத்த வாரம் வர மாட்டான். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளிலும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் நீண்ட சொற்களில் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு.

நோட்டில் காலியாக விட்ட கட்டம் இதற்குத்தான். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, விளையாட்டுப் போல, இரண்டு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். சரளமாக வாசிக்கிறவர், கூட்டி வாசிக்கிறவர், எழுத்தே தெரியாதவர் என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். பிள்ளைகள் கண்ணில் அந்தக் கட்டம் படக் கூடாது.

பிறகு, வரிசையாக வாசிக்க வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, வசனத்தைச் சார்ட்டில் பெரிதாக எழுதி, நீங்கள் விரல் வைத்து ஒரு முறை வாசியுங்கள். அடுத்து எல்லோரும் சேர்ந்து. பிறகு இரண்டிரண்டு பேராக, சரளமாக வாசிக்கிறவர் பக்கத்தில் கூட்டி வாசிக்கிறவர். கடைசியில், விருப்பப்பட்டு எழுந்து நிற்கிறவர் மட்டும் தனியாக. எழுந்திருக்காத பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

சார்ட்டில் எழுதும்போது நீண்ட சொற்களை உடைத்து எழுதுங்கள். சங்கீதம் 23-இல் "மேய்ப்பராயிருக்கிறார்" என்று இருப்பதை "மேய்ப்பராய் இருக்கிறார்" என்றும், "தாழ்ச்சியடையேன்" என்பதை "தாழ்ச்சி அடையேன்" என்றும் இடைவெளி விட்டு எழுதினால் பிள்ளைகளின் கண் பயப்படாது. இரண்டு வாரம் கழித்து வேதாகமத்தில் உள்ளபடியே சேர்த்து எழுதிக் காட்டுங்கள்.

எதை வாசிக்க வைப்பது என்பதும் முக்கியம். திரும்பத் திரும்ப ஒரே வரி வருகிற பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்பது ஒவ்வொரு நாளின் முடிவிலும் வருகிறது. மூன்றாம் நாளுக்கு வரும்போது கூட்டி வாசிக்கிற பிள்ளையும் தைரியமாகச் சேர்ந்துகொள்வான். எனக்கு மிகவும் பிடித்தது சங்கீதம் 136. அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. முதல் பாதியை ஆசிரியர் வாசிக்க, பின்பாதியைப் பிள்ளைகள் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்த ஒரு வரியின் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறது. சுவிசேஷத்தில் மாற்குவிலிருந்து தொடங்குங்கள், 16 அதிகாரங்கள்தான், கதை வேகமாக ஓடும். மத்தேயுவை எடுத்தால் வம்ச வரலாற்றுப் பெயர்களிலேயே பிள்ளை சோர்ந்துவிடும்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணல் பரப்பி விரலால் எழுத வையுங்கள். வாரத்துக்கு மூன்று எழுத்து போதும்.

"வேதபாடம் சொல்லிக்கொடுக்க வந்தோமா, அ ஆ சொல்லிக்கொடுக்க வந்தோமா?" என்று கமிட்டியில் ஒருவராவது கேட்பார். அவருக்கு நம் ஊர்ச் சரித்திரமே பதில். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் தமிழ் எழுத்துகளைக் கற்றது பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான். அடுத்த வருஷமே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது. 1715-இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இங்கிலாந்தில் க்ளாஸ்டர் நகரத்தில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும், வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிதான். வேதத்தைப் பிள்ளை தானே திறந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே வந்தது.

படி 4: ஆசிரியர்களை ஜோடியாக நியமியுங்கள்

ப்ளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் ஆர்வமாக வருவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்காக அவர்களைத் தவிர்க்க வேண்டாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஊரிலேயே இருக்கப்போகிற அக்கா ஒருவரையும் இளையவர் ஒருவரையும் சேர்த்துப் போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைச் சொல்லிப் பாருங்கள்.

ஜோடியாகப் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அது ஐயரானாலும் சரி, நானானாலும் சரி. கதவு திறந்திருக்கட்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்தவரின் சட்டக் கடமை. சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லை இது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

படி 5: கதையும் கைவேலையும்

கதைக்கு ப்ரொஜெக்டர் வேண்டாம். கரன்ட் போனால் பாடம் போயிற்று. ஃப்ளானல் துணி ஒட்டிய பலகையும் வெட்டிய படங்களும் போதும். கிரேயானைவிட வயல் களிமண் எனக்குப் பிடிக்கும். காசில்லை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒரு மணி நேரம் அதிலேயே ஒன்றிவிடுவார்கள். தாவீதின் ஐந்து கூழாங்கல், நோவாவின் பேழை எல்லாம் அதில் செய்யலாம்.

ரூத் கதிர் பொறுக்கிய கதையை அறுவடை நாட்களில் சொல்லுங்கள். இப்போது மெஷின் அறுப்பதால் பிள்ளைகள் கதிர் பொறுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். சபையில் பாட்டி ஒருவரை அழைத்து, சின்ன வயதில் எப்படிப் பொறுக்கினார்கள் என்று சொல்ல வையுங்கள். நாகை, தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊர்களில் இயேசு புயலை அமர்த்திய கதையைச் சொல்லும் முன், கடலில் யாரையாவது இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உண்டா என்று நோட்டில் பாருங்கள். 2004 சுனாமி இந்தப் பிள்ளைகளுக்கு முந்தையது என்றாலும் வீட்டில் அந்தத் துக்கம் இருக்கிறது. "விசுவாசம் இருந்தா படகு கவுறாது" என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள்.

சிற்றுண்டிக்குச் சுண்டல். விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்குப் பயறு கொண்டுவருகிற வீடுகளில், ஏலத்துக்குப் போகும் முன் ஒரு படி ஞாயிறு பள்ளிக்கு என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 6: வி.பி.எஸ். முடிந்த மறுவாரம்

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்.) கூட்டம் வரும். ஜூனில் பழைய பத்துப் பேர்தான் இருப்பார்கள். வி.பி.எஸ். பதிவுப் பட்டியலை அன்றே தெரு வாரியாக நோட்டில் ஏற்றி, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் ஒரு முறை போய்விடுங்கள். மற்ற மதத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் அழையுங்கள். ஆள் கூட்டி வந்தால் பரிசு என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது, எங்கள் பள்ளியில் அது இல்லை.

பிற்சேர்க்கை

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, பேராயம் (டயோசிஸ்) நடத்தும் ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைக்கவே நேரம் போதவில்லை, வாசிப்புக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தார். தேர்வுக்கு உள்ள வசனங்களையே சார்ட்டில் உடைத்து எழுதி, படி 3 முறையில் வாசிக்க வையுங்கள். பார்த்து வாசித்த வசனம் சீக்கிரம் மனப்பாடமாகும்.

இன்னொருவர் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பையன்களைப் பற்றிக் கேட்டார். அவர்களைச் சின்னப் பிள்ளைகளோடு ஆக்‌ஷன் பாட்டுக்கு நிறுத்தாதீர்கள், கூச்சப்படுவார்கள். தனி வகுப்பாக்கி, கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிற அண்ணன் ஒருவரை அங்கே விடுங்கள். வருகை நோட்டில் டிக் போடுவது, தொலைவிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகளைப் பெரியவரோடு சேர்ந்து வாய்க்கால் தாண்டிக் கூட்டி வருவது இரண்டும் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். கிரிக்கெட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆராதனை முடிந்ததும் கோயில் மைதானத்திலேயே ஆடலாம் என்று சொல்லிவிடுங்கள். மட்டையும் ஸ்டம்பும் சபை அலமாரியில் இருக்கட்டும், சாவி அவர்களில் ஒருவனிடம் இருக்கட்டும்.