பேரல் மாற்றிய ரைஃபிள் சரியாகச் சுடவில்லையா? பேரலை உடனே குறை சொல்லாதீர்கள்

சென்னையில் ரைஃபிள் சுடுபவர்களின் வட்டம் சின்னது. யாராவது தன் பழைய பாயிண்ட் 22 ரைஃபிளுக்குப் புதுப் பேரல் (குண்டு போகும் குழல்) போட்டால் விஷயம் எப்படியும் காதுக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் அதே ஆள், "அண்ணா, பழைய பேரலே தேவலை போல" என்று வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் இந்தப் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். மூச்சு, டிரிகர், பார்வை பற்றி இங்கே பேசவில்லை. அதைக் கோச் பார்த்துக்கொள்வார். இது ரைஃபிளைப் பற்றியது.

50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டமே சுமார் 5.6 மில்லிமீட்டர். ரைஃபிளில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் அது அட்டையில் தெரிந்துவிடும்.

ஐந்து குண்டை வைத்து முடிவு கட்டுவது

ஐந்து குண்டுகள் ஒரே துளையில் விழுவது தற்செயலாகவும் நடக்கும், சிதறுவதும் அப்படித்தான். பத்துப் பத்துக் குண்டாகப் பல குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுடும் தொகுதி) சுட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சுத்தம் செய்த பேரலில் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தோட்டாவின் மெழுகு உள்ளே சீராகப் படிய அத்தனை குண்டுகள் தேவை. சோதனையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கடல்காற்று கிளம்பிய பிறகு சுட்டால், தள்ளியது காற்றா ரைஃபிளா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்லிங் (ரைஃபிளைக் கையோடு இறுக்கும் வார்) மாட்டாமல் இடைவெளி பார்ப்பது

அதிகப் பணத்தையும் காலத்தையும் தின்னும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

புதுப் பேரல் பெரும்பாலும் பழையதைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். ஸ்டாக்கில், அதாவது பேரலைத் தாங்கும் கட்டையில், உள்ள பள்ளமோ பழைய பேரலுக்காகக் குடைந்தது. எல்லோரும் ரைஃபிளை மேசையில் வைத்து, பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். தாள் தடையில்லாமல் போகிறது. "இடைவெளி இருக்கிறது, பேரல் எதிலும் படவில்லை" என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நீங்கள் மேசையில் வைத்தா போட்டியில் சுடுகிறீர்கள்? ப்ரோனில், அதாவது குப்புறப் படுத்து, ஸ்லிங்கை இறுக்கியதும், ஹேண்ட் ஸ்டாப் (முன்கை முட்டி நிற்கும் தடுப்பு) வழியாக மொத்த இழுப்பும் ஸ்டாக்கின் முன்பகுதியில் விழுகிறது. மரம் லேசாக வளைகிறது. மேசையில் இருந்த இடைவெளி ஒரு பக்கம் மறைந்து, பேரல் மரத்தைத் தொடுகிறது. தொட்டுக்கொண்டே சுடும்போது பேரலின் அதிர்வு மாறுகிறது, குண்டு விழும் இடமும் நகர்கிறது. ஒவ்வொரு முறை எழுந்து மறுபடி படுக்கும்போதும் ஸ்லிங் இழுப்பு கொஞ்சம் மாறுவதால், நகரும் தூரமும் மாறுகிறது. மேசையில் தாங்கிச் சுட்டால் அருமையான குரூப், ஸ்லிங்கில் சுட்டால் ஒரே திசையில் ஓடும் குண்டுகள் என்றால், முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு மாநிலப் போட்டி நெருங்கிய நேரத்தில் இதுதான் நடந்தது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சரியில்லை என்று ஒருவர் சொன்னார், திரும்பக் கழற்றி வேலை செய்தார்கள். அப்புறம் தோட்டா மேல் பழி, பெட்டி பெட்டியாக மாற்றி வாங்கினான். அப்புறம் சைட் (குறிபார்க்கும் கருவி) மேல் பழி. சீசனே போய்விட்டது. கடைசியில் ஸ்டாக்கைப் பிரித்துப் பார்த்தால், பள்ளத்தின் இடது ஓரத்தில் பேரல் உரசிய பளபளப்பான கறுப்புத் தடம். யாருமே அதுவரை உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சோதனையைச் சரியாகச் செய்வது எளிது. ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ரைஃபிள் காலி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, குழல்முனை இலக்கை நோக்கியே இருக்க, வழக்கம்போல் ஸ்லிங்கை இறுக்கிப் படுங்கள். குழல்முனைக்கு முன்னே போகாமல், பக்கவாட்டில் இருந்து நண்பர் தாளை இழுக்கட்டும். ஓர் இடத்தில் பிடித்தாலும் அது தொடுகிறது என்றுதான் அர்த்தம்.

மர ஸ்டாக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐப்பசி மழையில் வாசல் கதவு இறுகுவதுபோல் ஸ்டாக்கும் ஈரம் குடித்து உப்பும். மே மாதத்தில் தாராளமாகப் போன தாள் நவம்பரில் சிக்கும். பள்ளத்தை அகலப்படுத்தும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், மரத்தை எடுத்த இடத்தில் கட்டாயம் வார்னிஷோ எண்ணெயோ பூசச் சொல்லுங்கள். பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கு அதே இடம் திரும்ப உப்பும்.

ஆக்‌ஷன் திருகுகளைக் கை பலத்தில் இறுக்குவது

ரைஃபிளின் சுடும் இயந்திரப் பகுதியை ஸ்டாக்கோடு இணைக்கும் திருகுகள் இவை. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு, ஒவ்வொரு முறையும் அதே அளவு. ஆக்‌ஷன் ஸ்டாக்கில் நெளிந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, பேரலில் ஒரு டயல் கேஜ் பொருத்தி, அதன் முனையை ஸ்டாக்கின் முன்நுனியில் தொட வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முள் சுமார் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் பெடிங் வேலை, அதாவது அதை ஸ்டாக்கில் சரியாகப் பதிய வைக்கும் வேலை, பாக்கி இருக்கிறது.

பழைய லாட்டையே நம்புவது

பழைய பேரலுக்குப் பிடித்த தோட்டா புதியதற்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே பிராண்டில்கூட லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுப்பு) வித்தியாசம் உண்டு. பெரிய கார்ட்டன் வாங்குவதற்கு முன் பல லாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

போல்ட் சொல்வதைக் கேட்காமல் விடுவது

சேம்பரைப் பின்னாலிருந்து மூடுவது போல்ட். அது மூடிய பிறகு பாயிண்ட் 22 தோட்டாவின் விளிம்புக்கு இருக்க வேண்டிய இடம் சுமார் 1.09 மில்லிமீட்டர். போல்ட் மூடக் கஷ்டப்பட்டால் இடம் குறைவு. இடம் அதிகமானால் ஃபயரிங் பின் அடி லேசாக விழும், வெடிப்பு சீராக இருக்காது, குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். ரேஞ்சில், குழல்முனை இலக்கை நோக்கி இருக்கும்போது, சுடாத ஒரு தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே எடுத்துப் பாருங்கள். ஈயத்தில் ஒரு பக்கம் மட்டும் சீவல் இருந்தால் சேம்பர் வாயில் கூர்மை இருக்கிறது. இதற்கெல்லாம் நீங்கள் கை வைக்க வேண்டாம். கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) சொல்லுங்கள்.

முன் சைட் சாய்ந்திருப்பது

சைட்டை மேலே ஏற்றினால் குண்டு பக்கவாட்டிலும் நகர்கிறதா? சைட் நேராக இல்லை.

ட்ரை ஃபயர்

தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது இது. ஃபயரிங் பின் சேம்பர் ஓரத்தில் படுகிறதா என்று கன்ஸ்மித்திடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

குழல்முனையை வெட்டி "சரி செய்வது"

கிரவுன் (குழல்முனையின் விளிம்பு) கெட்டுவிட்டது என்று சந்தேகப்பட்டு லேத் பட்டறையில் நுனியை நறுக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் பேரலைக் குறுக்குவது குற்றம். பழுதுபார்ப்பதற்கே 5-ம் பிரிவில் உரிமம் கேட்கிறார்கள். பட்டறைக்காரர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். உரிமம் உள்ள கன்ஸ்மித்தே பார்த்து முடிவு செய்யட்டும், அதுவும் மேலே சொன்னவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒரே மாற்றமாகச் செய்து பார்த்த பிறகு.