ஜிம்னியை உயர்த்தினால் ஸ்டீயரிங் என்ன ஆகும்?

ஏற்காடு மலைப்பாதைக்காக மாருதி சுசுகி ஜிம்னி ஜீப்பின் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 2 அங்குலம் உயர்த்துபவர்கள், முன் அச்சு சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிடுவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பியபின் பிடியைத் தளர்த்தினால் தானாக நேராக வேண்டிய ஸ்டீயரிங் பாதியிலேயே நின்றுவிடுவதும், சேலம் புறவழிச்சாலையில் வேகமெடுக்கும்போது வண்டி இருபுறமும் அலைவதும் இதனால்தான். வழக்கமான வீல் அலைன்மென்டில் டோ (மேலிருந்து பார்த்தால், சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே சரியாகும் என்பதால், கேஸ்டர் திருத்தும் புஷ்களை (அச்சைப் பிடிக்கும் கைகளின் இணைப்பில் வரும் உருளைகள்) கட்டாயம் பொருத்துங்கள். வண்டியை உயர்த்தியதும், அச்சு பக்கவாட்டில் நகராமல் அதை வண்டிச் சட்டத்துடன் பிணைக்கும் கம்பியான பான்ஹார்ட் ராடு அச்சை ஒரு பக்கமாக இழுத்திருக்கும்; நீளத்தைச் சரிசெய்யக்கூடிய ராடு அதைத் தீர்க்கும். இதற்கு மேலும் உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டி வளைவில் வெளிப்பக்கம் கூடுதலாகச் சாயும் என்பதால், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.