50 புள்ளி சேர்த்த பிறகும் நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிறந்தால் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "எங்கே புள்ளி கிடைக்கும்?" சிங்கப்பூரில் தொடர் மருத்துவக் கல்வி 2003 முதல் கட்டாயம். முழுப் பதிவு பெற்ற மருத்துவர் உரை கேட்பது போன்றவற்றால் இரண்டு ஆண்டுகளில் 50 புள்ளி சேர்க்க வேண்டும். மடிக்கணினியில் உரை ஒரு பக்கம் ஓடும், நாம் மறுபக்கம் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். புள்ளி ஏறிவிடும், மறுநாள் மருந்தகத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

முதல் தவறு, பிடித்த தலைப்புக்கே திரும்பத் திரும்பப் போவது. எனக்கு அது நீரிழிவு. நிறையத் தெரியும் என்று நினைப்பு. தெரிந்ததைச் செய்கிறேனா என்று மட்டும் பார்த்ததில்லை.

அடுத்தது, நினைவை நம்புவது. நீரிழிவு நோயாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை வேண்டும். "பெரும்பாலும் செய்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு நாள் 20 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 7 பேருக்குத்தான் செய்திருந்தேன். இதில் ஒரு எச்சரிக்கை: நினைவுக்கு வரும் நோயாளிகளை எடுக்காதீர்கள், அவர்கள் தவறாமல் வரும் சமர்த்துகள். கடைசியாக வந்த 20 பேரை வரிசையாக எடுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் உடனே இன்னொரு உரைக்குப் பதிவு செய்யத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என் சிக்கல் அறிவில் இல்லை, சப்பாத்தில் இருந்தது. மூட்டுவலிக்கார ஆன்ட்டி குனிந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, மறுபடி மாட்டுவதற்குள் வெளியே நான்கு பேர் காத்திருப்பார்கள். "சரி, அடுத்த முறை பார்க்கலாம்மா" என்பேன். அந்த அடுத்த முறை வந்ததே இல்லை. மருந்தக உதவியாளரிடம் பேசினேன். காத்திருக்கும்போதே கழற்றச் சொல்லி, ஒரு முக்காலியும் ரப்பர் செருப்பும் போட்டுவைத்தார். அந்த யோசனை எந்த உரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உதவியாளரை விட்டுவிட்டு டாக்டர் மட்டும் திட்டம் போடுவதும், குறை வந்தால் அவர் தலையில் கட்டுவதும் கூடாது. நோயாளி பெயரோடு அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்புவது அறவே கூடாது; தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்தப் பார்ப்பதும் வேண்டாம். இப்படிக் கணக்கெடுத்து மருத்துவருக்கே காட்டுவதைப் பற்றிய 140 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2012ல் தொகுத்துப் பார்த்தது. செய்ய வேண்டியதைச் செய்வதில் கிடைத்த முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 4.3 சதவீதப் புள்ளிதான். தொடக்கத்தில் நிலைமை மோசமாக இருந்த இடத்திலும், இலக்கும் திட்டமும் சேர்த்துத் தந்த இடத்திலும், ஒருமுறைக்கு மேல் காட்டிய இடத்திலும் பலன் கூடுதல்.

அந்த இரண்டாம் முறையைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடி 20 பதிவுகள் எடுத்தேன்: 14. அப்பாடா என்று மூடிவைக்கப் போனவன், விடுபட்ட 6 பேரின் நேரத்தைப் பார்த்தேன். 5 பேர் மாலை நேரத்தில் வந்தவர்கள். மாலைக்கு வரும் பகுதிநேர உதவியாளரிடம் முக்காலி எதற்கு என்று யாருமே சொல்லவில்லை. அவர் அதில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்.