விலை குறைந்த லேப்டாப் வாங்கலாமா?

அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கும் அக்கா மகளுக்காகக் காரைக்குடியில் கடை கடையாக ஏறினேன். "இது போதுமா அம்மான்?" என்று அவள் காட்டியதில் சேமிப்பிடம் இஎம்எம்சி (மலிவு லேப்டாப்களில் வரும் சேமிப்புச் சிப்) 64 ஜிபி. வேண்டவே வேண்டாம் என்றேன். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபிதான். அப்டேட் வந்தால் மூச்சு முட்டும். இஎம்எம்சி போர்டோடு பற்றவைத்தது, பிறகு மாற்றவும் வழியில்லை. சேமிப்புக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதையே கேளுங்கள்.

ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 4 ஜிபி என்றால், இன்னொரு ராம் செருகக் கூடுதல் ஸ்லாட் உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால் வாங்கலாம், அடுத்த வருடம் 8 ஆக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் நட்டம்தான்.

அவள் வளவில், அதாவது வீட்டின் திறந்த முற்றத்தில், உட்கார்ந்து படிக்கிற பிள்ளை. அதனால் கடை வாசல் வெளிச்சத்தில் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். எழுத்து வெளுத்த இரண்டைத் தள்ளிவிட்டோம்.